இரண்டாவது பூச்சு

அத்தியாயம் 17

அண்ணனையும் தம்பியையும் சீக்கிரம் சேர்த்து வைக்கச் சொல்லிப் போன வாரம் மட்டும் ஏழெட்டுக் கடிதங்கள். ஒரு வாசகி கொஞ்சம் மிரட்டியே எழுதியிருந்தார். என் கையில் இருந்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே சேர்த்து வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். இந்த இரண்டு பேரும் அதற்கு இடம் கொடுக்கிற ஆட்கள் இல்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கச்சா எண்ணெயில் மெழுகு கலந்திருக்கும். சூடாக இருக்கும்வரை அது இருக்கிற இடம் தெரியாது. குழாயில் போகப் போக எண்ணெய் ஆறும், ஆறியதும் மெழுகு உட்சுவரில் படியும். அப்படியே விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மாதம் ஒருமுறை ஒரு முனையில் ரப்பர் வளையங்கள் வைத்த ஒரு கனத்த உருளையை உள்ளே விட்டு, மறு முனையில் மெழுகோடு சேர்த்து எடுப்பார்கள். அந்த உருளைக்கு எண்ணெய்க்காரர்கள் வைத்த பெயர் பிக். பன்றிதான். வெளியே வரும்போது அதன் கோலத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவன் மீது குறை சொல்லத் தோன்றாது.

அந்த மெழுகு எடுக்கும் குழுவுக்கு முப்பத்தோரு வருஷம் தலைவராக இருந்தவர் இந்த வீட்டு அப்பா. அவருக்குப் பிறகு சின்னவன். பெரியவனோ அதே கம்பெனியின் பூச்சுப் பட்டறையில் மேஸ்திரி. மெழுகு ஒட்டவே முடியாதபடி குழாயின் உட்புறத்தில் வழவழவென்று பூச்சு அடிப்பது அவன் வேலை. மெழுகு ஒட்டவில்லை என்றால் அதை எடுக்க ஆள் எதற்கு? ஒரே வீட்டில் இரண்டு பிழைப்பு, ஒன்று நிலைத்தால் மற்றது போய்விடும். சண்டைக்கு இது போதும். ஆனால் இந்த வீட்டில் பேச்சு நின்றது அதனால் இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது சின்னவன் அண்ணனுக்குப் போன் செய்தான். "ரெண்டாவது கோட்டிங் போட்டுட்டு வரேன்" என்றான் அண்ணன். வந்தது விளக்கு வைத்த பிறகு, வீட்டுக்கு, பிணத்தைப் பார்க்க. அன்றிலிருந்து இந்த வீட்டில் "ரெண்டாவது கோட்டிங்" என்பது ஒரு வசவு. அம்மா மாடிப்படி ஏறுவதில்லை. பெரியவனும் அவன் மனைவியும் மேலே, அம்மாவும் சின்னவனும் கீழே.

அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று சின்னவன் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. நிற்க, இன்று வெள்ளிக்கிழமை, அண்ணன் அடித்த பூச்சுக்குப் பரீட்சை நாள்.

•

காலை ஆறு மணிக்குச் சின்னவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி இறங்கி வந்தாள். கம்பெனி லேபில் வேலை. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டபடியே சாப்பிடவும் செய்கிற ரகம்.

"தம்பி, இன்னிக்குத்தானே?"

"ஆமா அண்ணி."

"மெதுவா, பார்த்துத் திறங்க. எத்தனை பீப்பாய் வந்தாலும் வரட்டும். கதவைத் திறக்கும்போது நேரா மட்டும் நிக்காதீங்க."

பேச்சு நின்றது அண்ணனோடுதான். அண்ணியோடு சண்டை போடச் சின்னவனுக்குக் காரணம் கிடைத்ததில்லை. தேடிப் பார்த்தும் இருக்கிறான்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள், "யாருடா அங்க?"

"அண்ணிதாம்மா."

"ஓ" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அந்த ஓ-வை எட்டு மாதமாகக் காதில் வாங்கி வாங்கி அண்ணிக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று அவளே சொல்லிக்கொள்கிறாள்.

பெரியவன் பின்னாலேயே இறங்கினான். தம்பி குனிந்து நாடாவைக் கட்டினான். கட்டியிருந்த நாடாதான். அவிழ்த்து மறுபடியும் கட்டினான், அண்ணன் தெருமுனை திரும்பும் வரைக்கும்.

•

பிக் வந்து சேரும் இடம் ஊருக்கு வெளியே, கம்பி வேலிக்குள் ஒரு சிமெண்ட் மேடை. மேடைமேல் ஒரு தடித்த குழாய், அதன் வாயில் வட்டமாக ஓர் இரும்புக் கதவு. அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்ட கதவு இதுதான். உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும்போது திறந்தால் கதவு திறப்பவனை மதிக்காது.

ஆறு கிலோமீட்டர் புதுக் குழாய். உட்புறம் முழுக்கப் பெரியவன் கைப்பட அடித்த பூச்சு. எண்ணெய் ஓடத் தொடங்கி ஆறு மாதம். இந்த ஆறு மாதமும் பிக் விடக்கூடாது என்பது நிபந்தனை. பழைய குழாயில் மாதா மாதம் ஐந்து பீப்பாய் மெழுகு வரும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஆறு பீப்பாய்க்குள் வந்தால் பூச்சு ஜெயித்தது, எல்லாக் குழாய்களையும் மாற்றுவார்கள், சின்னவனின் எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகலாம். தாண்டினால் பட்டறைக்குப் பூட்டு.

"இருபது வரும்" என்றார் வக்கீல். குழுவிலேயே மூத்த ஆள். கோர்ட் வாசலை மிதித்ததில்லை. ஆனால் சட்டம் பேசாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றமாட்டார் என்பதால் அந்தப் பெயர். "எழுதி வெச்சுக்க. இருபதுக்குக் கொறஞ்சா நான் மீசையை எடுத்துடறேன்."

"உங்களுக்கு மீசையே இல்லையே."

"அதான் தைரியமா சொல்றேன்."

எட்டே முக்காலுக்கு பிக் வந்தது. குழாய்க்குள் ஒரு நீளமான கீச்சு, அப்புறம் ஒரு மோதல். வால்வுகளை மூடினார்கள். உள்ளே இருந்த எண்ணெயை வடித்தார்கள். அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. வந்த பிறகும் சின்னவன் பத்து நிமிஷம் காத்திருந்தான், முள் பொய் சொல்லும் என்பதால். பிறகு பக்கவாட்டில் நின்று கதவைத் திறந்தான்.

மெழுகு கொஞ்சம்தான் வந்தது. கறுப்பும் பழுப்புமாக, ஷூ பாலிஷ் பதத்தில். மண்வெட்டியால் வழித்து வழித்துப் பீப்பாயில் போட்டார்கள். ஒன்று நிறைந்தது. இரண்டாவது பாதிக்கு வந்ததும் வழிக்க ஒன்றும் இல்லை.

 முப்பது வரவேண்டிய இடத்தில் ஒன்றரை. எட்டுப் பேரும் அந்த ஒன்றரையைச் சுற்றி நின்றார்கள். அதில் மூன்று பேர் அப்பாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்தவர்கள். அண்ணன் ஜெயித்துவிட்டான் என்று சின்னவனுக்கு வயிறு எரிந்தது. வேலை போகிறது என்பதுகூட அப்புறம்தான். பிணத்தை விடப் பெரிதாக நினைத்த ஒன்று அவனுக்குக் கைகூடிவிட்டதே என்பதுதான் முதலில் எரிந்தது.

"இது என்னய்யா?" என்றார் வக்கீல்.

மண்வெட்டி விளிம்பில் மெழுகுக்குள் ஏதோ வெளுப்பாக ஒட்டியிருந்தது. சின்னவன் டீசலில் துணியை நனைத்துத் துடைத்தான். நகம் அளவுக்கு ஒரு சில்லு. கிளறினால் இன்னும் ஒன்று, இன்னும் பத்து. கையளவுக்கு ஒரு துண்டு. மெல்லிய ஓடு போல, வெளிர் மஞ்சள் நிறத்தில்.

அந்த நிறம் அவனுக்குத் தெரியும். அண்ணனின் வேலை உடுப்பில் வருஷக்கணக்காகத் தெறித்துக் கிடக்கிற நிறம்.

"உரியுது" என்றான்.

எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. உரிந்து வருகிற பூச்சு மெழுகைவிட ஆபத்து. ஒரு பெரிய துண்டு எங்காவது மடிந்து குறுக்கே நின்றால் பிக்கே சிக்கிக்கொள்ளும், குழாயை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒன்றரை பீப்பாய் என்ன, ஒரு டம்ளர் மெழுகு வந்திருந்தாலும் இந்தச் சில்லுகள் போதும், பட்டறைக்குப் பூட்டுப் போட.

"லேபுக்கு மட்டும் அனுப்பாதே" என்றார் வக்கீல் மெல்ல. "லேப்ல யார் இருக்காங்கன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ரெண்டு பாட்டில் போடு. ஒண்ணு அங்க, ஒண்ணு நேரா மேனேஜருக்கு. ரெஜிஸ்டர்ல எழுது, எல்லாரும் கையெழுத்துப் போடறோம்."

"அண்ணி அப்படி மறைக்கிற ஆள் இல்ல."

"நல்லவங்கதான். புருஷன்னு வந்துட்டா?"

சின்னவன் இரண்டு பாட்டில் போட்டான். ரெஜிஸ்டரிலும் எழுதினான். எழுத்து வழக்கத்தை விட அழகாக வந்தது. ஜீப் ஒரு பாட்டிலோடு மேனேஜர் ஆபீசுக்குக் கிளம்பியதும், மற்றதை எடுத்துக்கொண்டு அவனே லேபுக்குப் போனான். யாரையாவது அனுப்பியிருக்கலாம். அண்ணி முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. சின்னவனை நல்லவன் என்று நினைத்திருந்த வாசகர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளலாம்.

•

அண்ணி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறவில்லை. சில்லுகளை ஒரு கண்ணாடித் தட்டில் கொட்டி, கழுவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க தம்பி."

"நிக்கறேன்."

அவள் ஒரு சில்லைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"ரெண்டு கோட்டிங் இருக்கு, தெரியும்ல? முதல்ல சாம்பல் கலர். அதுக்கு மேல இந்த மஞ்சள். அடிக்கிறப்ப எங்கயாவது விட்டுப்போனா தெரியணும்னுதான் ரெண்டு கலர். இதுல பாருங்க, சாம்பல் ஒரு பொட்டுகூட ஒட்டல. மேல் கோட்டிங் மட்டும் தனியாக் கழண்டு வந்திருக்கு. பின்பக்கம் எவ்வளவு வழவழன்னு இருக்கு பாருங்க. தூசிகூட இருக்கு."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"முதல் கோட்டிங் முழுசாக் காயறதுக்குள்ள ரெண்டாவதைப் போட்டுடணும். ஆறு மணி நேரம் கணக்கு. அப்பதான் ரெண்டும் ஒண்ணாப் பிடிக்கும். தாண்டிட்டா, முதல் கோட்டிங்கைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கிட்டுத்தான் போடணும். இது ரெண்டும் செய்யல. காஞ்சு போனதுக்கு மேல அப்படியே அடிச்சிருக்காங்க."

அவள் எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தாள். வரிசையாகத் தகடுகள், உள்ளங்கை அளவு, ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. பட்டறையில் அன்றன்று குழாய்க்குப் பூச்சு அடிக்கும்போது அதே கையோடு ஒரு தகட்டுக்கும் அடித்து லேபுக்கு அனுப்பிவிடுவார்கள். ஏழாவது நாள் அதைச் சோதித்து, ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது அண்ணியின் வேலை.

ஒவ்வொரு தகடாக எடுத்தாள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை ஒட்டி அழுத்தி, ஒரே இழுப்பாக இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்தது, வரவில்லை. முப்பது தகடுக்கு மேல் ஆகியிருக்கும். சின்னவன் தன்னையறியாமல் உட்கார்ந்துவிட்டிருந்தான்.

ஒரு தகட்டில் மட்டும் கை நின்றது. தேதியை அவனும் படித்தான். இந்த வீட்டில் அந்தத் தேதியை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டேப்பை இழுத்தாள். மஞ்சள் பூச்சு மொத்தமும் டேப்போடு வந்தது, ஸ்டிக்கரைத் தாளிலிருந்து உரிப்பது போல. கீழே சாம்பல் நிறம் பளபளவென்று இருந்தது.

அண்ணி ரெஜிஸ்டரைத் திறந்தாள். அந்தத் தேதிக்கு நேராக "சரி" என்று எழுதி, கையெழுத்து. அவளுடைய கையெழுத்து.

"அப்பவே சோதிச்சீங்களே அண்ணி?"

"இல்ல." அவள் குரல் இப்போதுதான் மாறியது. "ஏழாவது நாள் நான் வீட்டுல இருந்தேன். உங்க எல்லாருக்கும் சமைச்சுக்கிட்டு. திரும்பி வந்தப்ப பதினாலு தகடு சேர்ந்து கிடந்தது. பதிமூணையும் சோதிச்சேன். இதை மட்டும் கையில எடுக்க மனசு வரல. இதைப் போடறதுக்காகத்தானே அவர் வரலன்னு அத்தை கத்தினாங்க. எப்படி எடுப்பேன்? உங்க அண்ணன் வேலையில என்ன தப்பு இருக்கப்போகுதுன்னு சரின்னு எழுதிட்டேன்."

இருபது வருஷ வேலையில் அவள் பார்க்காமல் எழுதிய ஒரே ஒரு சரி அதுதான். அதுவும் இன்று ஒரு பாட்டிலில் மேனேஜர் மேஜைமேல் போய் உட்கார்ந்திருந்தது.

சின்னவன் நாற்காலியில் நெளிந்தான். வரும்போது இருந்த உற்சாகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"தம்பி, எனக்கு ஒண்ணு புரியல. அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு முதல் கோட்டிங். பன்னிரண்டே முக்காலுக்கு ரெண்டாவதுன்னு இவர் கைப்பட எழுதியிருக்கார். இந்தத் தகடு பொய் சொல்லாது. பன்னிரண்டே முக்காலுக்கு இவர் கோட்டிங் போடல. அதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போட்டிருக்கார்."

"அப்ப?"

"நான் பதினொன்றரைக்குப் பட்டறைக்குப் போன் பண்ணேன். யாரும் எடுக்கல. மிஷின் சத்தத்துல கேக்கலன்னு நெனச்சேன். கோட்டிங் போடணும்னுதான் ஆஸ்பத்திரிக்கு வரல, அந்தக் கோட்டிங்கும் போடலன்னா, அந்த நேரத்துல இவர் எங்கதான் போனார்?"

சின்னவன் அந்தத் தகட்டைக் கையில் எடுத்தான். அவன் அண்ணனுக்குப் போன் செய்தது பதினொரு மணிக்கு. பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். அவன் மனசு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கணக்குப் போட்டது.

பன்னிரண்டு மணிக்கு என்ன நடந்தது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அம்மா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். அறையில் அவனும் அப்பாவும்தான். அப்பா கண்ணைத் திறந்து, மூன்று விரல் கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, தெளிவாகச் சொன்னார். "பெரியவன் வந்தா உள்ள விடாத. என் ஆளுங்க சோத்துல மண்ணைப் போட்டவன். அவன் மூஞ்சில முழிச்சுட்டுச் சாக எனக்கு இஷ்டமில்ல."

சின்னவன் ஒன்றும் எதிர்த்துச் சொல்லவில்லை. "சரிப்பா, விடல" என்றான்.

"கதவைச் சாத்து" என்றார் அப்பா. சாத்தினான்.

எட்டு மாதமாக இதை அவன் யாரிடமும் சொல்லாததற்கு அவன் தனக்குள் சொல்லிக்கொண்ட காரணம், அண்ணன் மனசு புண்படக்கூடாது என்பது. அண்ணன்தான் வரவே இல்லையே, வராதவனிடம் இதைச் சொல்வானேன் என்பது. பெருந்தன்மை என்றே நினைத்திருந்தான்.

"ஜீப்பைத் திரும்பக் கூப்பிட முடியுமா?" என்று கேட்டான். 

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மேனேஜர் போன் பண்ணிட்டார் தம்பி. நீங்க வர்றதுக்கு முன்னாடியே. திங்கக்கிழமை விசாரணை."

•

பட்டறையில் மெஷின்கள் நின்றிருந்தன. செய்தி வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நீளநீளமான குழாய்கள் வாயைத் திறந்தபடி வரிசையாகக் கிடந்தன. பெரியவன் தரையில் உட்கார்ந்து ஸ்ப்ரே துப்பாக்கியைக் கழற்றித் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தான். வேலை இருக்கிறதோ இல்லையோ, கழுவி வைக்காவிட்டால் துப்பாக்கியின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

தம்பியின் பூட்ஸைப் பார்த்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"கையெழுத்து எல்லாம் நல்லா இருந்துச்சாம்" என்றான். "மேனேஜர் சொன்னார். எட்டுப் பேரும் போட்டிருக்காங்களாமே."

எட்டு மாதத்தில் தம்பியிடம் அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

"அன்னிக்கு எங்க போன?"

"எழுதியிருக்கே. பன்னிரண்டே முக்காலுக்கு ரெண்டாவது கோட்டிங்."

"அந்தத் தேதித் தகட்டை அண்ணி டேப் போட்டு இழுத்தாங்க. மொத்தமா வந்துருச்சு. எங்க போன?"

பெரியவன் துப்பாக்கி மூக்கை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தான். ஊதினான். மறுபடியும் தின்னரில் போட்டான்.

"எங்கயும் போகல. சோம்பேறித்தனம். போட லேட் ஆயிடுச்சு, நேரத்தை மாத்தி எழுதினேன். திங்கக்கிழமையும் இதைத்தான் சொல்லப்போறேன். உனக்கு என்ன வேணும், அதுதானே?"

"நான் போன் பண்ணதும் கெளம்பிட்டியா?"

பெரியவன் துப்பாக்கி மூக்கைத் தின்னரிலிருந்து வெளியே எடுத்தான்.

"வந்தியா?"

பெரியவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"இங்க பாரு. காலைல அவர்கிட்ட போகணும்னா ரெண்டாவது கோட்டிங்கை விட்டுட்டுப் போகணும்னு தெரியும். உங்கிட்ட போன்ல அப்படிச் சொன்னேனே தவிர, போனை வெச்சதும் கெளம்பிட்டேன். ஆஸ்பத்திரி மாடி ஏறி, அவர் ரூமுக்கு வெளிய இருக்குமே, அந்தத் தண்ணி மிஷின்கிட்ட வந்துட்டேன். கதவு திறந்துதான் இருந்துச்சு." அவன் நிறுத்தினான். "அவருக்குக் குரல் எப்பவுமே கொஞ்சம் பெருசுதான்."

சின்னவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"அவர் சொன்னது எனக்குப் பெருசா இல்லடா. அவர் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்ததுதான். நீ ஏதாவது சொல்லுவேன்னு பார்த்தேன். அண்ணன்தானேப்பா, வந்து பார்த்துட்டுப் போகட்டுமேன்னு. சரின்னு சொல்லிட்டே. அப்புறம் கதவு சாத்திச்சு. சாத்தறப்ப சந்துல உன் கை தெரிஞ்சுது."

"நீ நிக்கறேன்னு எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

சின்னவன் பதில் தேடினான். நேர்மையாகத் தேடினான் என்றே சொல்ல வேண்டும். கிடைக்கவில்லை.

"நீ ரெண்டாவது தடவை போன் பண்ணி, அப்பா போயிட்டாருன்னு சொன்னப்ப ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருந்த பஸ் ஸ்டாப்புலதான் உக்காந்திருந்தேன். அப்புறம் இங்க வந்தேன். பதினோரு குழாய் காஞ்சு கெடந்துச்சு. எல்லாத்தையும் சுரண்டணும்னா ஒரு முழு நாள் ஆகும். கண்ணு தெரியல, கை ஓடல. அடிச்சுட்டேன். உண்மையான நேரத்தை எழுதினா நடுவுல எங்க போனேன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னா அம்மா கேப்பா, அப்புறம் ஏன்டா உள்ள வரலன்னு."

"அம்மாகிட்ட நான் சொல்றேன்."

"என்னத்தைச் சொல்லுவே? முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் கடைசியா வாயைத் திறந்து பெத்த புள்ளையைத் தள்ளி வெச்சுட்டுப் போனாருன்னா? அவர் சாகறப்ப என் பேரைச் சொன்னாருன்னு நெனச்சுட்டு இருக்கா. என்னைத் திட்டறதுல அவளுக்கு ஒரு பிடிப்பு இருக்கு. அதையும் பிடுங்காதே."

அவன் துப்பாக்கியை மறுபடியும் மாட்டத் தொடங்கினான். மாட்ட என்ன அவசரம் என்று தெரியவில்லை. நாளைக்கு அதற்கு வேலை இல்லை.

"திங்கக்கிழமை உன்னைக் கேட்டா, சில்லு வந்துச்சு, பாட்டில் போட்டேன்னு மட்டும் சொல்லு. அதோட நிறுத்திக்க. உங்க அண்ணியோட கையெழுத்தை மட்டும் எப்படியாவது காப்பாத்த முடியுமான்னு நான் பார்க்கறேன்."

•

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். பெரியவன் முன்னால், சின்னவன் பின்னால். வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். முகத்தில் எட்டு மாதமாக இல்லாத தெம்பு. வக்கீல் போன் செய்துவிட்டிருக்கிறார், நல்ல செய்தி என்று நினைத்து.

பெரியவன் படியில் கால் வைத்தான்.

"உரிஞ்சு போச்சாமே" என்றாள் அம்மா. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, தெருவைப் பார்த்துச் சொன்னாள். "பெத்தவன் பொணத்தைவிடப் பெருசுன்னு போட்டது. மேல இருந்து பார்த்துட்டுத்தான் இருக்கார் அவர்."

சின்னவன் வாயைத் திறந்தான். படியில் நின்ற அண்ணன் திரும்பி அவனைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. அப்பாவிடம்கூட அவன் அப்படிக் கெஞ்சி சின்னவன் பார்த்ததில்லை. அதற்கு மேல் வாய் வரவில்லை. பெரியவன் மேலே ஏறிப் போனான். மாடிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கை கால் கழுவிட்டு வா" என்றாள் அம்மா. "சூடா எடுத்து வெச்சிருக்கேன். நீ இருந்ததுனாலதான்டா அவர் நிம்மதியாப் போனார். கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தியே. அவர் சொன்னது ஒண்ணைக்கூட நீ தட்டினதில்ல."

சின்னவன் சோப்புப் போட்டான். மெழுகு லேசில் போகாது. நகத்துக்குள், ரேகைக்குள் தங்கிவிடும். மூன்று முறை போட்டும் கை வழுக்கியது. திங்கட்கிழமை உண்மையைச் சொன்னால் அம்மாவின் பிடிப்பு போகும், சொல்லாவிட்டால் அண்ணனின் பிழைப்பும் பேரும் போகும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டே நாள். சனியும் ஞாயிறும் இத்தனை சின்ன நாட்கள் என்று அவன் இதுவரை நினைத்ததில்லை.

"என்னடா அங்க? கொசு எல்லாம் உள்ள வருது பாரு. கதவைச் சாத்திட்டு வா."

அவன் வாசலுக்குப் போய்க் கதவைப் பிடித்தான். மரத்தின் மேல் தன் கை கிடப்பதையே பார்த்துக்கொண்டு நின்றான். தெருவிளக்கின் வெளிச்சம் சந்து வழியாக விரல்கள்மேல் விழுந்தது. வெளியே யாராவது நின்றிருந்தால் அந்தக் கை மட்டும்தான் தெரியும்.

"சாத்துடா" என்று அம்மா இரண்டாம் முறையும் சொன்னாள்.